சாதாரண நுண்ணோக்கியில் நார் பார்க்கும் முறை: வெண்பட்டு, வாழைத்தண்டு, கோழிக்கால்

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியில் ஒரு நாரை வைத்தால் அதன் விளிம்பு தெரியும், தடிமன் தெரியும், அவ்வளவுதான். உள்ளே மூலக்கூறுகள் எந்தப் பக்கமாக அடுக்கியிருக்கின்றன என்பது தெரியாது. அதே கருவியில் இரண்டு துண்டு போலராய்டு தாளை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்; அந்தத் திசைதான் அதன் அச்சு) சேர்த்தால், பின்னணி முழுக்கக் கறுத்துப்போய், ஒரே திசையில் சீராக அடுக்கப்பட்ட பொருள் மட்டும் பளிச்சென்று தெரியும். பட்டு, பருத்தி, வாழை நார், தசைநாண் எதற்கும் சாயம் ஏற்றத் தேவையில்லை. சேலத்துக் கடைவீதியில் கிடைக்கும் சாமான்களை வைத்தே செய்துவிடலாம். பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும்.

முதலில் தாள். புதிதாக வாங்குவதானால் நேர்கோட்டு போலராய்டு தாள் என்று கேட்டு வாங்குங்கள். கேமராவுக்கு விற்கும் பில்டர்களிலும் சினிமாவுக்குக் கொடுக்கும் முப்பரிமாணக் கண்ணாடிகளிலும் பெரும்பாலும் இருப்பது வட்ட போலராய்டு. அதைத் தலைகீழாக மாட்டிவிட்டால் பின்னணி கறுக்கவே கறுக்காது. சோதிக்க எளிய வழி உண்டு. தாளைக் கண்ணாடிக்கு முன் பிடித்து, அதன் வழியாகக் கண்ணாடியில் தெரியும் அதே தாளைப் பாருங்கள். பிறகு தாளைத் திருப்பிப் பிடித்தும் பாருங்கள். ஒரு பக்கத்தில் பிம்பம் இருண்டால் அது வட்ட வகை. இரண்டு பக்கமும் இருளாவிட்டால் நேர்கோட்டு வகை.

உடைந்த கம்ப்யூட்டர் மானிட்டரிலிருந்தும் தாளை உரிக்கலாம். முன்பக்கத் தாளில் கூச்சம் தடுக்கும் சொரசொரப்பு இருக்கும். அது விளக்குப் பக்கத்துக்கு மட்டும்தான் உதவும். மேலே, கண் பக்கத்தில், போட்டால் படம் மங்கும். மேலே போடப் பின்பக்கத்து வழுவழுப்பான தாள்தான் வேண்டும். கால்குலேட்டரில் பின்தாளோடு வெள்ளிப் பூச்சு ஒட்டியிருக்கும், அதைத் தொடவே வேண்டாம். ஒட்டியிருக்கும் பசையைப் பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரால் துடைத்து உடனே உலர்த்துங்கள். அசிட்டோன், நெயில் பாலிஷ் நீக்கி இரண்டும் ஆகாது. தாளின் மேல் அடுக்கு அசிட்டேட். அசிட்டோன் பட்டதும் கெட்டு வெளுத்துவிடும். தண்ணீரில் ஊறப்போட்டாலும் கெடும், ஏனென்றால் உள்ளே வேலை செய்வது அயோடின் ஏற்றிய பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) படலம். நீர் புகுந்தால் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வரும்.

ஒரு வட்டம் 32 மில்லிமீட்டர் விட்டத்தில் வெட்டி, கண்டென்சருக்கு (ஸ்டேஜுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) கீழே இருக்கும் பில்டர் வளையத்தில் வையுங்கள். அது போலரைசர். இன்னொரு வட்டம் 22 மில்லிமீட்டர். அதை ஐபீஸின் கீழ் நுனியில், விளிம்பை மட்டும் தொடும்படி இரண்டு இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். அது அனலைசர். ஐபீஸைத் திருப்பினால் அனலைசரும் கூடவே திரும்பும், தனியாகக் கைப்பிடி செய்யத் தேவையில்லை. எதுவும் வைக்காமல் பார்த்துக்கொண்டே திருப்பினால் ஓரிடத்தில் முழு இருட்டு வரும். அங்கே ஐபீஸிலும் குழலிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு கிழித்துவிடுங்கள்.

குழல் சாய்வாக இருக்கும் மாடல்களில் உள்ளே ஒரு பட்டகம் இருக்கிறது. அதன் வழியே வரும்போது ஒளியின் திசை கொஞ்சம் குலைந்து, முழு இருட்டு வராமல் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். போலரைசரின் அச்சை உங்களுக்கு நேர் இடவலமாகவோ நேர் முன்பின்னாகவோ வைத்தால் இது சரியாகிவிடும். அச்சு எது என்று தெரியாவிட்டால், பளபளக்கும் டைல்ஸ் தரையைச் சாய்வாகப் பார்த்துத் தாளைச் சுழற்றுங்கள். தரையின் கூச்சம் எப்போது அடங்குகிறதோ அப்போது தாளின் அச்சு நெடுக்காக இருக்கிறது. இரட்டைக் கண் கருவிகளில் இந்த வைத்தியம் போதாது. தலைப்பகுதியைக் கழற்றி, பட்டகத்துக்குக் கீழேதான் அனலைசரை வைக்க வேண்டும்.

மாதிரியைச் சுழற்றியே ஆக வேண்டும். அச்சுக்கு இணையாகக் கிடக்கும் நார் இருண்டும், 45 பாகை சாய்ந்த நார் உச்சப் பிரகாசத்திலும் தெரியும். சுழற்றாமல் பார்த்தால் ஸ்லைடில் இருக்கும் பாதி நார் கண்ணில் படாது. இதற்கு 80 மில்லிமீட்டர் சிறிய சி.டி. ஒன்று போதும். நடு ஓட்டை 15 மில்லிமீட்டர். பெரிய சி.டி. பல கருவிகளில் பின் தூணில் இடிக்கும். ஸ்டேஜ் ஓட்டையின் மேல் 15 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வளையமாக ஒட்டி, அதில் சி.டி.யை மாட்டுங்கள். வளையத்தின் உயரம் 1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சி.டி.யின் தடிமனே 1.2தான், வளையம் அதைவிட உயர்ந்தால் ஸ்லைடு அதில் உரசி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், பாதிப் படம் போகஸில் இருக்கும், மீதி இருக்காது. ஸ்டேஜ் உயர்ந்துவிட்டதால் 40 மடங்கு லென்ஸ் கண்ணாடியில் முட்டலாம். எப்போதும் லென்ஸை ஸ்லைடுக்கு மிக அருகில், பக்கவாட்டில் கண்ணால் பார்த்து இறக்கிவிட்டு, பிறகு விலக்கிக்கொண்டே போகஸ் செய்யுங்கள்.

ஸ்லைடும் கவர் ஸ்லிப்பும் கண்ணாடியாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் கவர் ஸ்லிப் தானே வண்ணவண்ணமாக ஒளிர்ந்து மாதிரியை மறைத்துவிடும்.

சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க மரவள்ளி மாவைவிட நல்ல மாதிரி கிடையாது, அதற்குச் சேலத்தில் பஞ்சமும் கிடையாது. ஈர மாவு ஒரு குண்டூசித் தலை அளவு, தண்ணீர் ஒரு சொட்டு. 5 முதல் 35 மைக்ரான் வரையுள்ள மணிகள் ஒவ்வொன்றிலும் கறுப்புக் கூட்டல் குறி தெரியும். அதன் கைகள் காட்டும் திசைதான் உங்கள் போலரைசர், அனலைசர் அச்சுகள். குறி வளைந்தோ கலைந்தோ இருந்தால் ஐபீஸ் கோடு நகர்ந்திருக்கிறது என்று பொருள். வேகவைத்த மாவில் இந்தக் குறி இருக்காது, ஆகவே மாவைச் சூடு காட்டாமல் எடுங்கள். மில்லில் ஒதுக்கும் திப்பியைக் கொஞ்சம் வாங்கி வைத்தால், ஒரே ஸ்லைடில் மாவு மணிகளையும் கிழங்கின் நாரையும் பக்கம்பக்கமாகப் பார்க்கலாம்.

அளவுக்கு அளவுகோல் ஸ்லைடு இல்லையென்றால், மோட்டார் காயில் கட்டும் கடையில் 40 கேஜ் செப்புக் கம்பி ஒரு விரல் நீளம் வாங்கி, மேல் வார்னிஷைச் சுரண்டிவிடுங்கள். எஸ்.டபிள்யூ.ஜி. 40 என்றால் 0.122 மில்லிமீட்டர். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதே லென்ஸில், அதே போன் ஜூமில் எடுத்த மற்றப் படங்களை அளக்கலாம். ஜூம் மாறினால் கணக்கு செல்லாது.

மாதிரிக்குப் போகும் முன் வெற்று ஸ்லைடு. இதை யாரும் விரும்பிச் செய்வதில்லை, ஆனால் இது இல்லாத நார்ப் படம் எதையும் நம்பாதீர்கள். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி போலத் தறி ஓடும் பகுதிகளில் காற்றிலேயே பஞ்சுத் துகள் மிதக்கிறது. மற்ற இடங்களில் சட்டையும் துண்டும் உதிர்க்கின்றன. மாதிரி தயாரிக்கும் மேசையிலேயே, அதே நேரம், கிளிசரின் ஒரு சொட்டு விட்ட ஸ்லைடைத் திறந்து வைத்திருந்து, பிறகு மூடிப் பாருங்கள். அதில் முறுக்கிய ரிப்பன் மாதிரி பருத்தி இழைகள் கிடக்கும். எவ்வளவு சுழற்றினாலும் அவை முழுக்க இருளாது, ஏனென்றால் முறுக்கின் ஒவ்வொரு இடத்திலும் திசை மாறுகிறது. கண்ணாடிக் குச்சி போல வழுவழுப்பாக, ஒரே தடிமனில் ஓடுபவை பாலியஸ்டர். நீலத்திலும் சிவப்பிலும் இழைகள் கிடந்தால் அவை சாயம் போட்ட துணியின் தூசு. தோலிலிருந்தோ புண்ணிலிருந்தோ ஒற்றியெடுத்த மாதிரியில் நிற இழை தெரிந்ததும் உடம்புக்குள்ளிருந்து வந்தது என்று பலர் பயந்துபோகிறார்கள். வெற்று ஸ்லைடிலும் அதே இழை இருக்கிறதா என்று பார்க்காமல் அப்படிச் சொல்லவே கூடாது.

இனி பட்டு. சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்ற துணி. அதன் பாவு நூலில் ஒரு துணுக்கு கிடைத்தால் நல்லது. பசை நீக்காத பச்சைப் பட்டை முதலில் அப்படியே கிளிசரினில் வைத்துப் பாருங்கள். இரண்டு இழைகள் சேர்ந்து, மேலே செரிசின் பசை மேடும் பள்ளமுமாகப் பூசியிருக்கும். பிறகு பசையை எடுக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் சோடா ஆஷ் கலந்து, எவர்சில்வர் பாத்திரத்தில் 30 நிமிடம் கொதிக்க வையுங்கள். சலவைக்கு விற்கும் படிக சோடா என்றால் சுமார் 5.4 கிராம் வேண்டும், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் நீர். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். காரம் அதை அரித்து நூலைக் கறைப்படுத்தும். நன்றாக அலசிக் காயவைத்து எடைபோட்டால் கால் பங்குக்குப் பக்கத்தில் குறைந்திருக்கும். அரைமணிக்கு மேல் கொதிக்கவிட்டால் பசையோடு நிற்காது, இழையே நார்நாராகப் பிளக்கத் தொடங்கும்.

பசை போன இழையை 45 பாகையில் வைத்தால் வரும் நிறம்தான் தகவல். கணக்கு எளிது: நாரின் தடிமனை அதன் இரட்டை விலகல் எண்ணால் (நீளவாக்கில் அதிரும் ஒளிக்கும் குறுக்குவாக்கில் அதிரும் ஒளிக்கும் நாரின் ஒளிவிலகல் எவ்வளவு வேறுபடுகிறது என்பதன் அளவு) பெருக்க வேண்டும். பட்டுக்கு அந்த எண் சுமார் 0.053, இழை 12 மைக்ரான் என்றால் 636 நானோமீட்டர். இது ஒளியின் அலைநீளம் அல்ல, ஒரு கதிர் மற்றதைவிடப் பின்தங்கும் தூரம்; இந்த அளவில் கண்ணுக்குத் தெரிவது நீலம். பட்டு இழையின் வெட்டுமுகம் முக்கோணமாக இருப்பதால் ஓரத்தில் மெலிந்து ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று பட்டை பட்டையாக இறங்கும். அதே தடிமனில் பாலியஸ்டருக்கு எண் 0.16 வாக்கில் இருப்பதால் 1900-ஐத் தொட்டு, வெளிறிய இளஞ்சிவப்பும் பச்சையும் வரும். விஸ்கோஸ் எனும் செயற்கைப் பட்டில் எண் பட்டின் பாதிதான். வெள்ளை, மஞ்சள் அளவிலேயே நிற்கும், நீளவாக்கில் கோடுகளும் ஓடும். கொளுத்திப் பார்க்கும் சோதனை முழுப் பட்டுக்குச் சரி. கலப்பு நூலில் மயிர் கருகும் வாசனையே தூக்கலாக வந்து ஏமாற்றும். இங்கே ஒவ்வோர் இழையையும் தனித்தனியாகப் பார்க்கிறோம், அதனால் இந்த முறையையே நம்பலாம்.

நிறத்தை இன்னும் நுட்பமாகப் படிக்க ஒரு நிறத்தட்டு வேண்டும். ஸ்லைடில் செல்லோ டேப்பை ஒரே திசையில் அடுக்கடுக்காக ஒட்டி, போலரைசரின் மேல் 45 பாகையில் வையுங்கள். பின்னணி அடர்ந்த ரோஜா-ஊதா ஆகும்வரை ஒவ்வொரு அடுக்காகக் கூட்டுங்கள். டேப்புக்கு டேப் இது மாறும், சில டேப்புகளில் வரவே வராது. அப்போது பரிசுப் பொருள் சுற்றும் செலோபேன் தாளை முயலுங்கள். இந்தத் தட்டு இருக்கும்போது மெல்லிய நார் ஒரு பக்கம் சாய்ந்தால் நீலமாகவும் மறுபக்கம் சாய்ந்தால் மஞ்சளாகவும் தெரியும். பட்டில் மட்டும் இப்படி எதிர்பார்க்காதீர்கள். மேலே கணக்கிட்ட அதன் பின்தங்கல் அளவு தட்டின் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பதால், ஒரு சாய்வில் இரண்டும் கழிந்து இழை கருஞ்சாம்பலாகிவிடும். தட்டு கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

நிறத்தட்டின் அருமை வாழைத்தண்டில்தான் தெரியும். தண்டை நறுக்கும்போது விரலில் சுற்றி எடுத்துப் போடுகிறோமே, அந்த நூல் உண்மையில் நீர்க்குழாயின் உட்சுவரில் சுருளாகப் படிந்திருக்கும் வரிப்பு. தண்டு ஒடியும்போது குழாய்ச் சுவர் கிழிந்துபோக, சுருள் மட்டும் ஸ்பிரிங் பிரிவது போல நீண்டு வெளியே வருகிறது. ஒரு வில்லையை ஒடித்து இரண்டையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுத்துப் பிடித்து, நடுவில் ஸ்லைடைக் கொடுத்து மேலே தூக்கினால் நூல்கள் அதில் படியும். உடனே தண்ணீர் ஒரு சொட்டு, கவர் ஸ்லிப். கறுக்காமல் இருக்க மோரில் போட்ட தண்டு இதற்கு ஆகாது. கொழுப்புத் துளியும் தயிர்த் துகளும் ஸ்லைடு முழுக்கப் பரவிக் கிடக்கும். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்ட தண்ணீர் போதும். 10 மடங்கில் சுருளைக் கண்டுபிடித்து 40-க்கு மாற்றுங்கள். சுருளின் முன்பக்க வளைவுகள் ஒரு சாய்வில், பின்பக்க வளைவுகள் எதிர்ச் சாய்வில் ஓடுகின்றன. ஆகவே நிறத்தட்டில் நீலம், மஞ்சள், நீலம், மஞ்சள் என்று மாறிமாறி ஒரு கோடு முழுக்க ஓடும். செல்லுலோஸ் நுண்ணிழைகள் சுருளின் ஓட்டத்தோடு சேர்ந்தே படிந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். நுண்திருகை மெதுவாக நகர்த்தினால் எந்த நிறம் முன்னே இருக்கிறது என்பது தெரியும்; சுருள் இடமா வலமா என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம். அளவுக்கு மீறி இழுத்தால் சுருள் நேராகி, ஒரே நிறத்து நூலாகிவிடும்.

உடம்பின் நாருக்குக் கோழிக்கால். கறிக்கடையில் நகத்தோடு வெட்டிப்போடும் கீழ்க்கால் போதும். முன்பக்கத் தோலைக் கீறினால் வெள்ளைக் கயிறுபோலத் தசைநாண் இருக்கும். 1 சென்டிமீட்டர் வெட்டி, மெடிக்கலில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புநீரில் போடுங்கள். வயதான நாட்டுக்கோழி வேண்டாம். அதன் தசைநாணில் சில இடங்களில் சுண்ணாம்பு ஏறி, ஊசியில் பிரியாமல் உடையும். ஸ்லைடில் உப்புநீர் விட்டு, இரண்டு ஊசிகளால் நீளவாக்கில் பிரித்து, தலைமயிர் அளவுக்கு மெலிந்த இழையை எடுங்கள். பிரிக்கும்போது இழுக்கவே கூடாது, பக்கவாட்டில் மட்டும் விலக்குங்கள். காய்ந்தாலும் கெட்டது, ஓரத்தில் உப்புநீர் குறையக் குறைய விட்டுக்கொண்டே இருங்கள்.

4 அல்லது 10 மடங்கில், இருண்ட பின்னணியில், நாணின் குறுக்கே கறுப்பும் வெளிச்சமுமாகச் சீரான பட்டைகள் தெரியும். தசைநாணில் நிறைந்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் கட்டுகள் நேராக ஓடாமல் மெல்லிய அலையாக ஓடுவதால், அலையின் ஏற்றம் ஒளிரும் சாய்வில் இருக்கும்போது இறக்கம் இருளும் சாய்வில் இருக்கிறது. சி.டி.யைச் சில பாகை திருப்பினால் கறுத்த பட்டை வெளிச்சமாகும், வெளிச்சம் கறுக்கும். இப்போது கவர் ஸ்லிப் போடாமல், இழையின் இரு முனைகளையும் ஊசிகளால் மிக மெதுவாக இழுங்கள். பட்டைகள் மங்கி மறையும். நீளத்தில் இரண்டு மூன்று சதவீத இழுப்பே இதற்குப் போதும். விட்டதும் பட்டைகள் திரும்பி வரும். நடக்கத் தொடங்கும்போது முதல் இழுப்பை நாண் வாங்கிக்கொள்வது இந்த அலை நிமிர்வதால்தான். அதைத் தாண்டி இழுத்த இழையில் பட்டை முழுசாகத் திரும்பாது, அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள்.

அடுத்து ஒரு துண்டை 70 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். சுருங்கி, ரப்பர் போலாகி, கண்ணாடியாகத் தெளியும். ஸ்லைடில் வைத்தால் ஒளி போய்விட்டிருக்கும். கொலாஜன் மூலக்கூறின் மூன்றிழை முறுக்கு அவிழ்ந்து, வரிசை குலைந்து, ஜெலட்டின் ஆகத் தொடங்கிவிட்டது. ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் உறைவதும் இதே பொருள்தான். ஒப்பிட, ஆட்டின் பிடரியில் ஓடும் மஞ்சள் நரம்பை ஒரு துணுக்கு கேட்டு வாங்குங்கள். அதில் ரப்பர் போல நீளும் எலாஸ்டின் என்ற புரதம்தான் மிகுதி. அது தளர்ந்த நிலையில் ஏறக்குறைய இருண்டே கிடக்கும், இழுத்தால்தான் ஒளிரும், வெந்நீரில் சுருங்காது. இரண்டுமே நார்தான், ஆனால் ஒன்றுக்குள் ஒழுங்கான அடுக்கு இருக்கிறது, மற்றதில் இல்லை.

அந்த முறுக்கையே இந்தக் கருவியில் பார்க்க முடியாது. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனுக்கு மூன்று இழை அமைப்பை முன்வைத்து, 1955-இல் அதைத் திருத்தி மேல்முறுக்கும் சேர்த்தார்கள். அதற்கு ஆதாரமாக இருந்தவை எக்ஸ் கதிர் படங்கள். கங்காரு வால் தசைநாணும் அதில் உதவியது. கொலாஜன் நுண்ணிழையில் 67 நானோமீட்டருக்கு ஒருமுறை வரும் வரிகளுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். நம் ஒளியால் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. நமக்குத் தெரியும் பட்டை அலையின் பட்டை, மூலக்கூறின் வரி அல்ல. படத்துக்குக் கீழே விளக்கம் எழுதும்போது இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

தசைக்குக் கோழி நெஞ்சுக்கறி போதும். பாதிக்குப் பாதி கிளிசரினும் தண்ணீரும் கலந்து அதில் பிரித்தால், 40 மடங்கில் இரண்டு மைக்ரான் சுமாரில் குறுக்கு வரிகள் வரும். தெரியாவிட்டால் கண்டென்சர் ஷட்டரைச் சற்று மூடுங்கள்.

ஏற்காட்டில் வேலை செய்பவர்களுக்குக் காப்பிச் செடியின் கவாத்துக் குச்சியும் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கும் கைக்கெட்டும் மாதிரிகள். தீக்குச்சிப் பருமனில் சீவி, கிளேசியல் அசிட்டிக் அமிலமும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் சம அளவு கலந்து, 60 பாகை சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் மரம் வெளுத்துப் பஞ்சாகும். பாட்டிலை இறுக மூடக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த சன்னல் மூன்றும் வேண்டும். பல தடவை தண்ணீரில் அலசிக் குலுக்கினால் நார்ச் செல்கள் தனித்தனியாகப் பிரியும். இன்னும் கட்டியாகவே இருந்தால் ஊற வைத்தது போதவில்லை, நுனி கரைந்து துண்டுதுண்டாக வந்தால் அதிகம்.

கிளிசரின் ஸ்லைடை மூட நெயில் பாலிஷ் போடும்போது, கசிந்த கிளிசரினை ஈரத்துணியால் முழுக்கத் துடைத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் பாலிஷ் பிடிக்காது. ஏற்காடு போலச் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் மழையும் பனிமூட்டமும் இருக்கும் மாதங்களில் மூடாத கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பெருகிக்கொண்டே போகும். லென்ஸில் பூஞ்சை வருவதும் அப்போதுதான். அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்துப் பயனில்லை. லென்ஸுகளையும் போலராய்டு வட்டங்களையும் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானதும் வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியபின் திரும்பப் போடலாம். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.